மூன்று சடலங்களும் ஒரு சூத்திரமும்

உயிரோடிருக்கும் எந்த விளையாட்டு வீரரின் உடல் கொழுப்பையும் இதுவரை யாரும் நேரே எடைபோட்டுப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. உடலைக் கூறுபோட்டு, கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தராசில் வைத்தால்தான் அது நேரடி அளவு. மற்ற முறைகள் எல்லாம் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிப்பவை. நீருக்குள் உடலின் எடை, தோல் மடிப்பின் தடிமன், மின்சாரத்துக்கு உடல் காட்டும் தடை, எக்ஸ் கதிர் உடலுக்குள் எவ்வளவு மங்குகிறது என்ற கணக்கு. இவ்வளவு தூரம் சுற்றி வந்து சேரும் எண்ணைப் பயிற்சியாளர் ‘11.4 விழுக்காடு’ என்று தசம இலக்கத்தோடு வாசிக்கிறார். வீரர் நம்புகிறார். தேர்வுக் குழுவும் நம்புகிறது.

2023 ஜனவரி முதல் நாள் இந்தியக் கிரிக்கெட் வாரியம் மும்பையில் கூடி, யோ-யோ ஓட்டச் சோதனையும் டெக்ஸா ஸ்கேனும் இனி தேர்வு அளவுகோல்களில் இடம்பெறும் என்று அறிவித்தது. அதோடு டெக்ஸா என்ற பெயர் நம் விளையாட்டுப் பக்கங்களில் புழங்கத் தொடங்கிவிட்டது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கப் பிறந்த கருவி அது. ஆட்டக்காரருக்கு அணியில் இடம் உண்டா என்ற பேச்சுக்குள் அது நுழைந்திருக்கிறது என்றால், அதன் வாயிலிருந்து வரும் எண்ணின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். பூர்வீகம் ஆடுகளத்தில் இல்லை, கடற்படையில் இருக்கிறது.

ஆல்பர்ட் பென்கி அமெரிக்கக் கடற்படை மருத்துவர். ஆழ்கடலில் முக்குளிப்பவர்களின் உயிர் அவருடைய கவலை. ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறி, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகக் கிளம்பி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். நைட்ரஜன் தண்ணீரில் கரைவதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே உடலில் கொழுப்பு மிகுந்தவருக்கு ஆபத்தும் மிகுதி. 1939இல் ஸ்குவாலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிப்போனபோது, மீட்புப் பணியில் இறங்கியவர்களுக்கு ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்த முயற்சியில் பென்கிக்கு முக்கியப் பங்கு உண்டு. அப்படிப்பட்டவருக்கு உயிருள்ள மனிதரின் கொழுப்பை அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

வழி பழையதுதான். பொன் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸ் தண்ணீரைக் கொண்டு கண்டுபிடித்த கதையைப் பள்ளியில் கேட்காதவர்கள் குறைவு. பென்கி மனித உடலை அந்தக் கிரீடமாக எடுத்துக்கொண்டார். கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். தசையும் எலும்பும் கனமானவை, அமிழும். நிலத்தில் ஓர் எடை, நீருக்குள் ஓர் எடை. இரண்டையும் வைத்து உடலின் கனஅளவைக் கணக்கிட்டால் அடர்த்தி தெரிந்துவிடும். அடர்த்தி குறையக் குறையக் கொழுப்பு அதிகம்.

சொல்வதற்கு எளிது, செய்வது பாடு. தொட்டிக்குள் ஒரு நாற்காலி தராசிலிருந்து தொங்கும். வீரர் அதில் உட்கார்ந்து, நெஞ்சில் இருக்கும் காற்றையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டுத் தலையையும் நீருக்குள் அமிழ்த்த வேண்டும். உள்ளே போனபிறகும் கடைசிக் குமிழி வரைக்கும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சுக்காக உடம்பு தவிக்கும். ஆனால் அசையக் கூடாது, அசைந்தால் முள் ஆடும். முதல் தடவையில் யாரும் முழுதாக ஊதுவதில்லை. ஐந்தாறு தடவை, சிலருக்குப் பத்துத் தடவை முங்கி எழுந்தபிறகுதான் எடை ஒரு நிலைக்கு வரும். எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று மிஞ்சியிருக்கும். அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். குடலில் இருக்கும் வாயுவை அளக்க வழியில்லை என்பதால் அதற்கு ஒரு சராசரியைப் போட்டுக் கழித்துவிடுகிறார்கள். 70 கிலோ வீரர் ஒருவரின் மிச்சக் காற்றை 100 மில்லிலிட்டர் தவறாக எழுதினால், கொழுப்பு விழுக்காட்டில் 0.7 தப்பும். எடையில் சொன்னால் அரைக் கிலோ.

இந்தத் தொட்டியில்தான் 25 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இறங்கினார்கள். ஆய்வு 1942இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அன்றைக்கு உயரத்துக்கு ஏற்ற எடை இவ்வளவு என்ற அட்டவணைதான் வேதவாக்கு. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் பார்த்தன, படைக்கு ஆள் எடுப்பவர்களும் பார்த்தார்கள். அட்டவணைப்படி அந்த 25 பேரில் 17 பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள், படையில் சேரத் தகுதியற்றவர்கள். தண்ணீர் வேறு தீர்ப்புச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் உடலில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. தராசைக் கீழே இழுத்தது தசை.

இந்தப் பிறப்பை மறந்துவிடக் கூடாது. எடைத் தராசு ‘குண்டு’ என்று ஒதுக்கிவைத்த விளையாட்டு வீரரை விடுவிக்க வந்த கணக்கு இது. அதே கணக்கு பிற்காலத்தில் இன்னொரு வகையில் ஒதுக்கிவைக்கும் கருவியாக மாறியது. இடையில் நடந்தது என்ன என்று பார்த்தால், அளவையின் நுட்பம் கூடியதைவிட அதன்மேல் வைத்த நம்பிக்கை வேகமாகக் கூடியது தெரியும்.

அடர்த்தியைக் கொழுப்பாக மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் வேண்டும். இன்றுவரை அதிகம் புழங்கும் சூத்திரத்தைத் தந்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த வில்லியம் சிரி. ஆய்வுக்கூடத்தைவிட்டால் மலை என்று வாழ்ந்தவர். 1954இல் மகாலு சிகரத்துக்குப் போன கலிஃபோர்னியக் குழுவுக்குத் தலைவர், 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவுக்குத் துணைத் தலைவர். அவருடைய சூத்திரம் ஒரே வரி. 495ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து, 450ஐக் கழித்தால் கொழுப்பு விழுக்காடு. அடர்த்தி 1.070 என்றால் விடை 12.6. மினசோட்டாவில் ஜோசஃப் ப்ரோஜெக், ஆன்செல் கீஸ் முதலியோர் 1963இல் கொடுத்த இன்னொரு சூத்திரத்தின் விடையும் இதை ஒட்டியே வரும்.

இரண்டு சூத்திரங்களும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன. கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.9, கொழுப்பைத் தவிர்த்த மற்றதெல்லாம் சேர்ந்து 1.1. முதல் எண்ணில் பெரிய வம்பு இல்லை. மனிதக் கொழுப்பு யாரிடமும் ஏறத்தாழ அதே அடர்த்திதான். இரண்டாவது எண் எங்கிருந்து வந்தது? 1945இல் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்விலிருந்தும், வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்த விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதச் சடலங்களிலிருந்தும். மினசோட்டாக் குழு ஆதாரமாகக் கொண்டது மூன்று வெள்ளை ஆண்களின் சடலங்களை. அவர்களுடைய வயது 25, 35, 46. பெண் இல்லை, வளரும் பிள்ளை இல்லை, ஆப்பிரிக்கரோ ஆசியரோ இல்லை. உலகம் முழுவதும் ஓடுகிற, குதிக்கிற, மல்லுக்கு நிற்கிற உடல்களின் கொழுப்பு இந்த மூவரையும் சாட்சியாக வைத்தே பல பத்தாண்டுகள் கணக்கிடப்பட்டது.

கிரீடத்துக் கணக்கு சரியாக வந்ததற்குக் காரணம், தங்கத்தின் அடர்த்தி எந்த ஊரிலும் மாறாது, வெள்ளியின் அடர்த்தியும் மாறாது. உடலில் ‘மற்றதெல்லாம்’ என்று ஒதுக்கிய பங்கு அப்படிப்பட்டதல்ல. அது தண்ணீரும் புரதமும் எலும்புத் தாதுவும் சேர்ந்த கலவை. எலும்பு கனத்தால் அடர்த்தி ஏறும், தண்ணீர் கூடினால் இறங்கும். ஆண்டுக்கணக்கில் பளு தூக்கியவரின் எலும்பும், நெடுந்தூரம் ஓடி ஓடி மாதவிடாய் நின்றுபோன பெண்ணின் எலும்பும், பதினாறு வயதுப் பையனின் எலும்பும் ஒன்றாக இருக்க முடியாது.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் உடலில் உண்மையில் 8 விழுக்காடு கொழுப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய கொழுப்பல்லாத பங்கின் அடர்த்தி 1.100க்குப் பதிலாக 1.110 என்றால், தொட்டியில் துளிப் பிழையும் இல்லாமல் அளந்தாலும் சூத்திரம் ‘4’ என்று சொல்லும். 1.090 என்றால் ‘12’ என்று சொல்லும். மொத்த உடலின் அடர்த்தியே 1.100ஐத் தாண்டிவிட்டால் விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். 1.105க்கு விடை மைனஸ் 2. இது வெறும் கற்பனை அல்ல, கட்டுமஸ்தான தொழில்முறைக் கால்பந்து வீரர்களை அளந்தபோது இப்படி மைனஸ் விடைகள் வந்திருக்கின்றன. மைனஸ் வந்ததும் எல்லோரும் சூத்திரத்தைச் சந்தேகித்தார்கள். 4 வந்திருந்தால் சந்தேகித்திருப்பார்களா? வீரரின் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள்.

1979இல் பிரஸ்ஸல்ஸின் ஃப்ளெமிஷ் பல்கலைக்கழகத்தில் யான் கிளாரிஸும் அலன் மார்ட்டினும் டொனால்ட் டிரிங்க்வாட்டரும் இந்த அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கத் துணிந்தார்கள். சில ஆண்டுகளில் 25 சடலங்களைத் தோல், கொழுப்புத் திசு, தசை, எலும்பு, உள்ளுறுப்பு என்று பிரித்து ஒவ்வொன்றையும் எடைபோட்டார்கள். சடலங்கள் பெரும்பாலும் முதியவர்களுடையவை என்பது ஒரு குறைதான். இருந்தாலும் முடிவு தெளிவாக இருந்தது. கொழுப்புத் திசுவை நீக்கியபின் மிஞ்சும் உடலில் எலும்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் விகிதம் கணிசமாக மாறியது. தோலின் தடிமன், கிள்ளினால் அது எவ்வளவு அமுங்கும் என்பதெல்லாம்கூட ஆளுக்கு ஆள், ஒரே ஆளில் இடத்துக்கு இடம் வேறாக இருந்தது.

கடைசியாகச் சொன்ன விஷயம் தோல் மடிப்பு முறையின் வேரையே தொடுகிறது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போக முடியாது. தோல் மடிப்பைக் கவ்வி அளக்கும் காலிப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். செக் நாட்டு மானிடவியலாளர் ஜிந்த்ரிஹ் மதியேக்கா 1921லேயே இந்த வழியைக் காட்டியிருந்தார். 1974இல் கிளாஸ்கோவில் டர்னினும் வோமர்ஸ்லியும் 16 முதல் 72 வயது வரையிலான 481 பேரைத் தொட்டியிலும் அளந்து, நான்கு இடங்களில் கிள்ளியும் அளந்து, இரண்டையும் இணைக்கும் சமன்பாடுகளைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஜாக்சனும் போலக்கும் 1978இல் ஆண்களுக்கும், 1980இல் வார்டுடன் சேர்ந்து பெண்களுக்கும் கொடுத்தார்கள். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சமன்பாடுகள் குவிந்தன. ஒவ்வொன்றும் தொட்டியின் விடையை உண்மை என்று எடுத்துக்கொண்டது. தொட்டியோ சடலங்களின் எண்ணை உண்மை என்று எடுத்துக்கொண்டது. பிழை பரம்பரைச் சொத்துபோல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது.

காலிப்பர் எளிய கருவி, அதைப் பிடிக்கும் கைக்குத்தான் பயிற்சி தேவை. மேல்கையின் பின்புறத்தில் அளக்க வேண்டுமானால், தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவால் அளந்து பேனாவால் குறி போட வேண்டும். குறி இட்ட இடத்தில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் தசையிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டும். விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காலிப்பரின் தாடையை வைத்து, பிடியை விட்டு, இரண்டு நொடியில் முள்ளைப் படிக்க வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமுங்கி அளவு குறையும். குறி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அளவு மாறும். வியர்த்த உடம்பில் விரல் வழுக்கும். காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் அளந்தால், நடுவில் வீரர் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாலும் விடை வேறாக வரும்.

கை தேர்ந்ததாகவே இருக்கட்டும். நல்ல சமன்பாடுகளின் திட்டப் பிழையே 3 முதல் 4 விழுக்காட்டுப் புள்ளி. அப்படியென்றால் ‘12 விழுக்காடு’ என்று எழுதிய மூன்று பேரில் இரண்டு பேரின் உண்மை அளவு 8.5க்கும் 15.5க்கும் இடையில் எங்கேயோ இருக்கலாம். மூன்றாமவர் அதற்கும் வெளியே. இந்த இடைவெளிக்குள் ஒரு மாரத்தான் வீரரும் ஒரு சராசரி இளைஞரும் சேர்ந்து அடங்கிவிடுவார்கள்.

சமன்பாடு யாரை வைத்து உருவானதோ அவர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும் என்பதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2004இல் ‘லான்செட்’ இதழில் புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் உடலையே சான்றாக முன்வைத்தார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே, 22.3. டெக்ஸாவில் படுத்தபோது யுட்கினின் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு. அவர்கள் பேசியது நீரிழிவைப் பற்றி. ஆனால் கிளாஸ்கோவில் பிறந்த சமன்பாட்டை எடுத்து இங்குள்ள கபடி வீரரின் தோலில் வைக்கும் ஒவ்வொரு பயிற்சியாளரும் அந்த இரண்டு எண்களையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

மின்தடை முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொழுப்பல்லாத உடலில் சுமார் 73 விழுக்காடு தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, உடலுக்குள் சிறு மின்னோட்டம் செலுத்தி, அது சந்திக்கும் தடையிலிருந்து தண்ணீரையும், தண்ணீரிலிருந்து கொழுப்பையும் ஊகிக்கிறது. வியர்வை கொட்டி நீரிழந்து நிற்கும் விளையாட்டு வீரரிடம் இந்த 73 எப்படி நிற்கும்? உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் எடை இயந்திரங்கள் சிலவற்றில் ‘அத்லெட்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்திவிட்டு ஏறினால் அதே ஆளுக்கு அதே நிமிடத்தில் கொழுப்பு சில புள்ளிகள் குறைந்து காட்டும். உடம்பு மாறவில்லை, உள்ளே இருக்கும் சமன்பாடு மாறியிருக்கிறது.

டெக்ஸா இவற்றைவிட மேலானது, மறுப்பதற்கில்லை. 1980களின் பிற்பகுதியில் எலும்புத் தேய்மானத்தைப் பார்க்கச் சந்தைக்கு வந்த கருவி, இரண்டு வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்ற மெல்திசு என்று மூன்றாகப் பிரிக்கிறது. எலும்பு எல்லோருக்கும் ஒன்று என்ற பழைய அனுமானம் இதற்குத் தேவையில்லை. கதிரின் அளவும் மிகக் குறைவு. ஆனால் எலும்பு குறுக்கிடும் இடங்களில் அதற்கு மேலும் கீழும் உள்ள திசுவைக் கருவியால் நேரே பிரித்துப் பார்க்க முடியாது. பக்கத்திலுள்ள பகுதியைப் பார்த்து அதேபோல்தான் இங்கும் இருக்கும் என்று நிரப்பிக்கொள்கிறது. உடல் படத்தில் இப்படிப்பட்ட இடங்கள் ஐந்தில் இரண்டு பங்கு வரும். ஒரு நிறுவனத்தின் கருவி சொல்லும் விடையும் இன்னொரு நிறுவனத்தின் கருவி சொல்லும் விடையும் ஒத்துப்போவதில்லை. மென்பொருளை மாற்றினாலே விடை மாறும். உயரமான கூடைப்பந்து வீரர் படுத்தால் தலையோ பாதமோ படுக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு காலைச் சாப்பாடும் கொஞ்சம் தண்ணீரும் டெக்ஸாவின் விடையை எப்படி நகர்த்துகின்றன என்று 2010களில் சோதித்துக் காட்டினார்கள். வெறும் வயிற்றில், ஓய்வெடுத்தபின், காலையில், ஒரே மாதிரி படுக்கவைத்து எடுத்தால் மட்டுமே ஒரு ஸ்கேனை இன்னொன்றோடு ஒப்பிடலாம் என்ற வழக்கம் அதன்பிறகு வலுப்பெற்றது. 2017இல் அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வு, கிரியாட்டினும் மாவுச்சத்தும் ஏற்றித் தசையில் கிளைகோஜனும் நீரும் சேர்ந்தால் ஸ்கேன் அதைக் கொழுப்பல்லாத திசுவின் வளர்ச்சியாகக் காட்டிவிடும் என்று எச்சரித்தது. போட்டிக்கு முன்னால் வயிறாரச் சோறு சாப்பிட்ட வீரர் ஒரே இரவில் தசை வளர்த்தவராகிவிடுவார்.

இப்போது ஆய்வகங்கள் நம்பும் வழி, அடர்த்தியைத் தொட்டியிலும், உடல் நீரை டியூட்டீரியம் கலந்த தண்ணீர் குடிக்கவைத்தும், எலும்புத் தாதுவை டெக்ஸாவிலும் தனித்தனியே அளந்து ஒன்றுசேர்ப்பது. அது நாள் முழுக்க ஆகும் வேலை, எந்த அணிக்கும் கட்டுப்படியாகாது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மருத்துவப் பிரிவு அமைத்த பணிக்குழு 2012இல் எல்லா முறைகளையும் தராசில் வைத்துப் பார்த்து, மைதானத்தில் வைத்து நம்பிச் செய்யத்தக்க உரைகல் என்று எதுவும் இன்னும் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

எண்ணில் இவ்வளவு ஆட்டம் இருந்தால் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. ஓர் அளவையின் தகுதியை அதன் பிழையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதைக் கொண்டு என்ன முடிவு எடுக்கிறோம், பிழையாகிப்போனால் யார் தலையில் விடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு வரலாறு இரண்டு பாடங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறது.

முதலாவது மல்யுத்தம். 1997இன் கடைசி இரண்டு மாதங்களில், ஒரு மாதத்துக்குச் சற்றே அதிகமான காலத்துக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். ரப்பர் உடை அணிந்து, சூடான அறைக்குள் உடற்பயிற்சி செய்து, தண்ணீர் குடிக்காமல் உடலை வற்றவைக்கும் பழக்கம் அன்று சகஜம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு உடனே விதியை மாற்றியது. பருவத் தொடக்கத்தில் சிறுநீரைச் சோதித்து, நீரிழப்பு இல்லை என்று உறுதிசெய்தபின் கொழுப்பை அளப்பார்கள். கொழுப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே போகும்படியான எடைப்பிரிவில் யாரும் இறங்கக் கூடாது. 70 கிலோ வீரருக்கு 12 விழுக்காடு என்று காட்டினால் அவர் இறங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 64.8 கிலோ. அளவு 9 என்று வந்திருந்தால் எல்லை 67. 15 என்று வந்திருந்தால் 62.6. பிழை ஒரு எடைப்பிரிவையே மாற்றிவிடக்கூடியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த எண் தரையாகப் போடப்பட்டிருக்கிறது. இதற்குக் கீழே போகாதே என்று தடுக்கிறது. தப்பாக அளந்ததால் ஒருவர் ஒரு பிரிவு மேலே போய் ஆட வேண்டிவந்தால் அது வருத்தம், உயிர்ச்சேதம் இல்லை.

இரண்டாவது பாடம் எண்ணைக் கூரையாகப் போட்டதன் கதை. இதற்கு மேலே போகாதே என்பது அதன் குரல். இதில் அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள். பென்கியின் கணக்கிலேயே பெண்ணுக்கு இன்றியமையாத கொழுப்பு சுமார் 12 விழுக்காடு, ஆணுக்கு 3. அதுவும் ஊகித்த எண்தான். 1974இல் ஹார்வர்டின் ரோஸ் ஃபிரிஷும் ஜேனட் மெக்ஆர்தரும், பெண் பூப்படைய 17 விழுக்காடு கொழுப்பும் மாதவிடாய் ஒழுங்காக நிலைக்க 22 விழுக்காடும் தேவை என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்த 17உம் 22உம் உயரத்தையும் எடையையும் கொண்டு உடல் நீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகித்துப் பெற்றவை. எண்கள் அழகாக இருந்ததால் பாடப்புத்தகம் வரை போய்விட்டன. 22க்குக் கீழே இருந்தும் மாதவிடாய் ஒழுங்காக வரும் ஓட்டக்காரிகளும், போதிய கொழுப்பு இருந்தும் மாதவிடாய் நின்றுபோனவர்களும் கண்ணெதிரே இருந்தார்கள். உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பைவிட, உடற்பயிற்சிக்குச் செலவானதுபோக அன்றாடம் உடலுக்கு மிஞ்சும் ஆற்றல் எவ்வளவு என்பதே ஹார்மோன்களை ஆட்டிவைக்கிறது என்று ஆன் லவுக்ஸ் சோதனைகள் மூலம் காட்டியபிறகுதான் அந்தக் கோட்பாடு தளர்ந்தது. கொழுப்பு எண்ணைப் பார்த்து ‘நலமாகத்தான் இருக்கிறாய்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் அதற்குள் எத்தனை பேரோ.

இந்த வழக்கம் இன்னும் ஓயவில்லை. 2021 அக்டோபரில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஓட்டக் குழுவின் வீராங்கனைகள் சிலர், டெக்ஸா ஸ்கேனின் விழுக்காட்டை வைத்துத் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட நெருக்கடி தங்களை உணவுக் கோளாறு வரை தள்ளியதாக நாளிதழில் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2 அல்லது 3 புள்ளி ஆடக்கூடிய ஓர் எண்ணை 1 புள்ளி குறைப்பதற்காக ஒரு பெண் சாப்பாட்டைக் குறைக்கிறாள். அவள் குறைத்தது கொழுப்பா, எலும்பா, அளவையின் பிழையா என்று அவளுக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது.

வேறு வழியைத் தேடியவர்களும் உண்டு. பனிச்சறுக்குத் தாண்டலில் இலேசான உடல் தூரமாகப் பறக்கும் என்பதால் வீரர்கள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2004இல் ஒரு விதி கொண்டுவந்தது. உடல் நிறைக் குறியீட்டெண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சறுக்குக்கட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பட்டினியால் கிடைத்த லாபம் அங்கே கழிந்துவிடும். கொழுப்பை அளக்கும் நுட்பமான வழிகள் கைவசம் இருந்தும் அவர்கள் உயரத்தையும் எடையையும் எடுத்துக்கொண்டார்கள். குறியீட்டெண் உடலைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆனால் யார் அளந்தாலும் ஒரே விடை வரும், வீரர் வழக்குப் போட்டாலும் நிற்கும்.

இங்கேதான் நம்மவர்கள் யோசிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டியை இழந்தது 100 கிராமால். விதி கொடியது என்று சொல்லலாம், தராசு பொய் சொன்னது என்று யாரும் சொல்லவில்லை. எடைத் தராசுக்கு அந்த 100 கிராமைப் பிரித்துக் காட்டும் தகுதி இருக்கிறது. அதே 50 கிலோ உடலில் கொழுப்பை அளக்கும் காலிப்பருக்கு, தேர்ந்த கையில் இருந்தாலும், ஒன்றரைக் கிலோ இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளாட்டம் உண்டு. அப்படிப்பட்ட எண்ணை வைத்து ஒருவரை உள்ளே எடுப்பதும் ஒருவரை வெளியே நிறுத்துவதும் அறிவியலின் பெயரால் செய்யும் சீட்டுக் குலுக்கல்.

அப்படியானால் இந்தக் கருவிகளுக்கு என்ன வேலை? ஒரே வீரரை, ஒரே கை, ஒரே கருவி, ஒரே நேரத்தில், பருவம் முழுக்கத் தொடர்ந்து பார்ப்பதற்கு இவை நல்ல துணை. கினாந்த்ரோபோமெட்ரி என்ற உடலளவைத் துறைக்கான சர்வதேசச் சங்கமான ஐசாக் வகுத்த முறையில் தேர்ந்தவர்கள் எட்டு இடங்களின் தோல் மடிப்பைக் கூட்டி மில்லிமீட்டரிலேயே எழுதிவைப்பார்கள். விழுக்காடாக மாற்ற மாட்டார்கள். தங்கள் கையின் பிழை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். கூட்டுத்தொகை 70 மில்லிமீட்டரிலிருந்து 58க்கு வந்தது என்பது உண்மையாகவே அளந்த செய்தி. அந்த வாக்கியத்தில் சடலம் இல்லை, சூத்திரம் இல்லை, கிளாஸ்கோவும் இல்லை. அது பயிற்சியாளரும் உணவு ஆலோசகரும் மருத்துவரும் உட்கார்ந்து பேசுவதற்கான செய்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கானதல்ல.

விழுக்காடாகத்தான் சொல்வேன் என்றால், இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தச் சமன்பாடு, அது யாரை வைத்து உருவானது என்பது ஒன்று. மேலும் கீழும் எவ்வளவு ஆடும் என்பது இன்னொன்று. ‘12, ஆனால் 8.5 ஆகவும் இருக்கலாம் 15.5 ஆகவும் இருக்கலாம்’ என்று ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லத் துணிந்த பயிற்சியாளர், அதே மூச்சில் ‘10க்கு வா’ என்று சொல்லக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சமே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. விளையாட்டு வீரரின் கொழுப்பை எதற்காக அளக்கிறோம்? வேகமாக ஓடுவாரா, நெடுநேரம் களைக்காமல் நிற்பாரா, உயரமாகத் தாண்டுவாரா என்று தெரிந்துகொள்ளத்தானே. அதையெல்லாம் நேரே அளக்கும் கருவிகள் விளையாட்டில் எப்போதோ வந்துவிட்டன. மின்னணுக் கடிகாரம் நொடியில் நூறில் ஒரு பங்கைச் சொல்கிறது. அளவு நாடா சென்டிமீட்டரைச் சொல்கிறது. நோய் தடுக்கவும் உடல் தேறவும் கொழுப்பை அளக்கட்டும், மருத்துவரின் கோப்பில் அது பத்திரமாக இருக்கட்டும். தேர்வு நாளில் வீரரை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் நியாயம்.